பிளேசன்: கேடயச் சின்னத்தைச் சொல்லால் வாசிக்கவும் எழுதவும் ஒரு தொடக்க வழிகாட்டி

1596-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்குக் குலச்சின்னம் ஒன்று வழங்க ஏற்பாடானது. நாடகங்கள் எழுதிய வில்லியமின் அப்பாதான் இவர். அதற்கான வரைவுப் பத்திரம் இன்றும் இருக்கிறது. மேல் மூலையில் அவசரமாகப் போட்டதுபோல ஒரு சின்னக் கோட்டுப் படம், உள்ளே ஒரு வரி. அந்த வரியை இன்றைய நடையில் எழுதினால் இப்படி வரும்:

ஓர், ஆன் எ பெண்ட் சேபிள் எ ஸ்பியர் ஆஃப் த ஃபர்ஸ்ட் ஸ்டீல்டு ஆர்ஜென்ட்.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதைப் பார்த்ததும் திருதிருவென விழிப்பார்கள். பாதி பழைய பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். இப்படிப்பட்ட வாசகத்துக்குத்தான் பிளேசன் என்று பெயர். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கேடயம் என்று பொருள். பிறகு கேடயத்தில் இருப்பதைக் கறாரான சொற்களில் சொல்லும் வாசகத்துக்கே அது பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் புழங்குகிறது. ஒரு சின்னத்தை பிளேசன் செய்வது என்றால், கண்ணால் பார்த்ததை இந்த மாதிரி வாசகமாக்குவது.

ஹெரால்ட்ரி எனும் குலச்சின்னக் கலையில் கால் வைக்கும் எவரும் முதலில் சிங்கம், கழுகு என்று படங்களைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், வெகுநாள் ஒன்றும் பிடிபடவில்லை. காரணம் இதுதான்: இங்கே சின்னம் என்பது படமே அல்ல, வாசகம். ஓவியர் சிங்கத்தை ஒல்லியாக வரையலாம், குண்டாக வரையலாம். நீலத்தை வானம்போலவும் தீட்டலாம், மைபோலவும் தீட்டலாம். வாசகத்துக்குப் பொருந்தினால் எல்லாம் ஒரே சின்னம். ஒரே கீர்த்தனையை நாலு வித்வான்கள் நாலு விதமாகப் பாடுவதில்லையா, அந்த மாதிரி.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் மேலே உள்ள வரியை வரைந்துவிடலாம்.

முதல் படி: வலம் எது, இடம் எது

தாளில் ஒரு கேடயம் வரையுங்கள். மேலே நேர்கோடு, கீழே குவிந்து முடியும் வடிவம் போதும். இப்போது உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும் ஓரத்தில் 'வலம்' என்று எழுதுங்கள். தவறாக அச்சாகவில்லை, அப்படித்தான் எழுத வேண்டும். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் வீரனுடைய வலம்தான் கணக்கு. சந்நிதியில் நிற்கும்போது சுவாமியின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறதே, அதே கணக்கு.

வலத்துக்கு டெக்ஸ்டர், இடத்துக்கு சினிஸ்டர் என்று பெயர். மேல்பகுதி சீஃப், கீழ்ப்பகுதி பேஸ். வலப்பக்கத்துக்கு மதிப்பு அதிகம். வாசகம் வேறு எதுவும் சொல்லாதவரை விலங்குகள் அந்தப் பக்கம் பார்த்தே நிற்கும். நான் வரைந்த முதல் பத்துப் பன்னிரண்டு கேடயங்களில் எல்லாச் சாய்வுப் பட்டைகளும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அதனால்தான் இதை முதல் படியாக வைத்தேன்.

இரண்டாம் படி: நிறங்கள்

மொத்தம் ஏழு பெயர்கள் தெரிந்தால் பெரும்பாலான வாசகங்களைச் சமாளிக்கலாம். இரண்டு உலோகங்கள்: ஓர் என்றால் பொன், ஆர்ஜென்ட் என்றால் வெள்ளி. வரையும்போது இவை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் ஆகிவிடும். ஐந்து வண்ணங்கள்: க்யூல்ஸ் சிவப்பு, அஷூர் நீலம், சேபிள் கருப்பு, வெர்ட் பச்சை, பர்ப்யூர் ஊதா. இவை தவிர மென்மயிர்த் தோல்களைக் குறிக்கும் இரண்டு உண்டு. வெள்ளைமேல் கருப்பு வால் குறிகள் தூவினால் எர்மின். நீலமும் வெள்ளையும் மணி வடிவில் மாறிமாறி வந்தால் வேர்.

'ஓர்' ஆங்கிலக்காரர்களுக்கு 'அல்லது' என்ற சொல்லோடு குழம்பும் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். நமக்கு வேறு வம்பு: ஓர் சிங்கம் என்றால் ஒரு சிங்கமா, பொன் சிங்கமா? நல்லவேளை, பிளேசனில் நிறம் எப்போதும் பொருளுக்குப் பின்னால்தான் வரும். முதலில் சிங்கம், அடுத்து அது நிற்கும் நிலை, கடைசியில் நிறம். பிரெஞ்சு வாடை இது.

ஒரு பெரிய விதி உண்டு: உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் கூடாது. பொன்மேல் கருப்பு சரி, நீலத்தின்மேல் வெள்ளி சரி; சிவப்பின்மேல் பச்சை ஆகாது. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் வண்டிகளின் நம்பர் பிளேட்டையே பாருங்கள். சொந்த வண்டிக்கு வெள்ளைமேல் கருப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சள்மேல் கருப்பு, சொந்த மின்வண்டிக்குப் பச்சைமேல் வெள்ளை. ஒன்றுகூட விதியை மீறவில்லை. ஹெரால்ட்ரியில் விதியை மீறியதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஜெருசலேம் அரசின் சின்னம்: வெள்ளிமேல் பொன் சிலுவைகள்.

சரி, கல்லிலும் செம்பிலும் நிறமே இல்லையே, அங்கே என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி 1638-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய கோட்டு முறை அது. புள்ளிகள் இருந்தால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. நெட்டுக் கோடுகள் சிவப்பு, கிடைக் கோடுகள் நீலம், நெட்டும் கிடையும் வலைபோலச் சேர்ந்தால் கருப்பு. டெக்ஸ்டர் மேல்மூலையிலிருந்து கீழே சாயும் கோடுகள் பச்சை, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊதா. பழைய வெள்ளிப் பாத்திரம், புத்தகத்தின் உள்ளட்டைச் சீட்டு போன்றவற்றில் இது மிகவும் கைகொடுக்கும். ஆனால் எல்லாச் செதுக்கலும் இந்த முறையைப் பின்பற்றியிருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அழகுக்காகக் கோடு போட்டவர்களும் உண்டு.

மூன்றாம் படி: முதல் சொல் எப்போதும் களம்

வாசகத்தின் தொடக்கத்தில் இருப்பது கேடயத்தின் பின்னணி நிறம். இதைக் களம் என்று வைத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியர் வரி 'ஓர்' என்று தொடங்குகிறது, ஆகவே முழுக் கேடயத்தையும் மஞ்சளாக்குங்கள். களம் இரண்டாகப் பிரிந்திருந்தால் 'பெர்' என்ற சொல்லோடு தொடங்கும். பெர் பேல் என்றால் நெட்டுவாக்கில் இரண்டு பாதி, பெர் ஃபெஸ் என்றால் மேலும் கீழும். இரண்டு நிறங்களும் அடுத்தடுத்து வரும், முதலில் சொன்னது டெக்ஸ்டர் பக்கத்துக்கு அல்லது மேலே.

நான்காம் படி: பட்டைகள்

களத்தின்மேல் வரும் எளிய வடிவப் பட்டைகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கே ஓடினால் ஃபெஸ், அதையே ஒல்லியாக்கினால் பார். நெட்டுவாக்கில் நின்றால் பேல். கேடயத்தின் உச்சியை அடைத்துக்கொண்டால் சீஃப். நேர்ச்சிலுவை கிராஸ், பெருக்கல் குறிபோல இருந்தால் சால்டயர். ஹவில்தாரின் சட்டைக்கைப் பட்டையைத் தலைகீழாக்கினால் ஷெவ்ரன். கேடயத்தின் விளிம்பைச் சுற்றி ஓடும் கரை போர்டியூர்.

நம் வரியில் உள்ளது பெண்ட். டெக்ஸ்டர் மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்குச் சாயும் பட்டை. நம் கண்ணுக்கு இடது மேலிருந்து வலது கீழே.

இந்த ஒரு பட்டைக்காக நடந்த வழக்கைச் சொல்லாமல் போக மனமில்லை. 1385-இல் இரண்டாம் ரிச்சர்ட் அரசர் ஸ்காட்லாந்துமேல் படையெடுத்தபோது, ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் குரோவ்னர் என்ற இரண்டு போர்வீரர்களும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: அஷூர், எ பெண்ட் ஓர். நீலத்தின்மேல் பொன் பட்டை, வேறொன்றும் இல்லை. யாருடையது என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். லண்டன் தெரு ஒன்றில் புதிதாக ஒரு பலகை தொங்கியதாம். 'ஸ்க்ரோப் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்தச் சத்திரம் எது?' என்று கேட்டிருக்கிறார். 'இது ஸ்க்ரோப் சின்னம் இல்லை, குரோவ்னருடையது' என்று பதில் வந்தது. அந்தப் பெயரையே அதற்குமுன் கேட்டதில்லை என்று சாட்சி சொன்னார்.

1389-இல் தீர்ப்பு ஸ்க்ரோப் பக்கம். குரோவ்னர் வேண்டுமானால் சுற்றிலும் வெள்ளிக் கரை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மேல்முறையீட்டில் அரசர் அதையும் மறுத்துவிட்டார்: இரத்த உறவு இல்லாத இருவருக்கு இடையே இவ்வளவு சின்ன வேறுபாடு போதாது என்று. குரோவ்னர் நீலத்தின்மேல் பொன் கோதுமைக் கதிர்க்கட்டுக்கு மாறினார். குடும்பம் அதை மறக்கவில்லை போலும். 1880 டெர்பி குதிரைப் பந்தயத்தில் வென்ற குதிரை அவர்கள் வழியில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுடையது. அதன் பெயர் பெண்ட் ஓர்!

ஐந்தாம் படி: சொல்லாமல் விட்டது

புதியவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். பிளேசன் சிக்கனமான மொழி. வழக்கமானதைச் சொல்லாது, வழக்கத்துக்கு மாறானதை மட்டும் சொல்லும்.

இங்கிலாந்தின் சின்னம் நல்ல பாடம். கிரிக்கெட் அணியின் சட்டையில் மூன்று சிங்கங்களைப் பார்த்திருப்பீர்கள், அதன் மூலம் அரச சின்னம்தான். வாசகம்: க்யூல்ஸ், த்ரீ லயன்ஸ் பாஸன்ட் கார்டன்ட் இன் பேல் ஓர், ஆர்ம்டு அண்டு லாங்க்டு அஷூர். சிவப்புக் களம், மூன்று பொன் சிங்கங்கள். பாஸன்ட் என்றால் ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் நிலை. கார்டன்ட் என்றால் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் முகமும் டெக்ஸ்டர் பக்கமே பார்க்கும்.

'இன் பேல்' எதற்கு? மூன்று உருவங்கள் என்று மட்டும் சொன்னால் மேலே இரண்டு, கீழே ஒன்று என்று அடுக்குவதுதான் வழக்கம், கேடயம் கீழே குறுகுவதால். ஒன்றன்கீழ் ஒன்றாக வேண்டுமானால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடைசித் துண்டு நகத்துக்கும் நாக்குக்கும். ஆங்கில வழக்கில் சிங்கத்தின் நகமும் நாக்கும் சிவப்பு. சிங்கமோ களமோ சிவப்பாக இருந்தால் நீலம். இங்கே களம் சிவப்பு, அதனால்தான் நாக்கு நீலம்.

நிலைகளில் இன்னும் ஒன்று போதும்: ராம்பன்ட். பின்னங்கால் ஒன்றை ஊன்றி, மற்ற மூன்றையும் விரித்துச் சீறி எழும் சிங்கம். ஸ்காட்லாந்தின் பொன் களத்தில் நிற்கும் சிவப்புச் சிங்கம் அதுதான்.

ஆறாம் படி: 'ஆன்', 'ஆஃப் த ஃபர்ஸ்ட்'

இப்போது ஷேக்ஸ்பியரிடம் திரும்புவோம். வரிசை இதுதான்: களம், பிறகு முக்கியமான பட்டை அல்லது உரு, பிறகு அதைச் சுற்றியிருப்பவை, கடைசியில் கரை, அடையாளக் குறிகள். 'ஆன்' என்று தொடங்கினால் பட்டையின் மேலேயே ஏதோ ஏறியிருக்கிறது என்று பொருள்.

'ஓர்', களம் பொன். 'ஆன் எ பெண்ட் சேபிள்', கருப்புச் சாய்வுப் பட்டையின்மேல். 'எ ஸ்பியர்', ஒரு ஈட்டி, பட்டையின் போக்கிலேயே சாய்ந்து. 'ஆஃப் த ஃபர்ஸ்ட்', வாசகத்தில் முதலில் சொன்ன நிறத்தில், அதாவது பொன். அதே நிறப்பெயரைத் திரும்ப எழுதாமல் இருக்க இந்த உத்தி. 'ஸ்டீல்டு ஆர்ஜென்ட்', ஈட்டி முனை வெள்ளி. பொன்மேல் கருப்பு, கருப்புமேல் பொன்னும் வெள்ளியும். விதி காப்பாற்றப்பட்டது.

வரைந்து முடித்தீர்களா? ஈட்டி ஏன் என்று கேட்டால், பெயரிலேயே இருக்கிறது. 'ஷேக்' என்றால் குலுக்கு, 'ஸ்பியர்' ஈட்டி. பெயரை வைத்து இப்படிச் சிலேடை செய்யும் சின்னங்கள் ஏராளம். நம் காளமேகத்துக்கு இந்தத் துறை மிகவும் பிடித்திருக்கும்.

அடுத்து உதவி இல்லாமல் இதை வரையுங்கள்: ஆர்ஜென்ட், டூ பார்ஸ் க்யூல்ஸ், இன் சீஃப் த்ரீ மல்லட்ஸ் ஆஃப் த செகண்ட். மல்லட் என்றால் ஐந்து முனை நட்சத்திரம். 'இன் சீஃப்' என்றால் மேல்பகுதியில். ஜார்ஜ் வாஷிங்டன் குடும்பத்தின் சின்னம் இது. வரைந்த பிறகு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் கொடியோடு ஒப்பிடுங்கள். 1938-இல் அந்தக் கொடியை இதிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஏழாம் படி: ஒரே கேடயத்தில் பல சின்னங்கள்

திருமணத்தில் கணவன் சின்னம் டெக்ஸ்டர் பாதியிலும் மனைவி சின்னம் மறுபாதியிலும் வரும். நான்காகப் பிரித்தால் குவார்ட்டர்லி: டெக்ஸ்டர் மேல் ஒன்று, அதன் பக்கத்தில் இரண்டு, கீழே மூன்று, நான்கு. புத்தகம் படிக்கிற வரிசையேதான். பிரிட்டிஷ் அரச சின்னத்தில் ஒன்றும் நான்கும் இங்கிலாந்து, இரண்டு ஸ்காட்லாந்து, மூன்று அயர்லாந்தின் யாழ். ஸ்காட்லாந்துக்குள் பயன்படுத்தும்போது அவர்கள் சிங்கம் முதலிடத்துக்கு வந்துவிடும்.

இதில் ஒரு கைமேல் பலன் உண்டு: கட்டடத்தின் வயதைக் கணிக்கலாம். பிரான்சின் அல்லிமலர்கள் ஒரு கட்டத்தில் இருந்தால் அந்த வடிவம் 1801-க்கு முந்தையது. நடுவில், பிரிட்டிஷ் அரசர்களே ஆண்ட ஜெர்மன் நாடான ஹனோவரின் சின்னக் கேடயம் ஒட்டியிருந்தால் 1801 முதல் 1837 வரை. அதுவும் இல்லாவிட்டால் விக்டோரியா காலம் அல்லது அதற்குப் பிந்தையது. பெண் என்பதால் ஹனோவர் அரியணை விக்டோரியாவுக்குக் கிடைக்கவில்லை, கேடயமும் போய்விட்டது. இலங்கையில் காலிக் கோட்டையின் பழைய வாசலுக்குப் போனால் வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம், உள்பக்கம் 1669 என்று பொறித்த டச்சுக் கம்பெனிச் சின்னம். வெளிப்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் குறிகளும் உண்டு. ஆங்கில வழக்கில் மூத்தவனுக்குக் கேடயத்தின் மேலே மூன்று தொங்கலுள்ள லேபல், இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு மல்லட். முழுப் பட்டியலும் இப்போதைக்கு வேண்டாம்.

பொதுவாகச் செய்யும் பிழைகள்

முழுச் சின்னத்தையும் 'கிரெஸ்ட்' என்பது. கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின்மேல் நிற்கும் உருவம் மட்டுமே. ஷேக்ஸ்பியருக்கு அது ஈட்டி பிடித்த வல்லூறு.

பெண்ட் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், அதாவது பெண்ட் சினிஸ்டர் என்றால், முறைதவறிப் பிறந்தவர் என்று முடிவு கட்டுவது. கதைப் புத்தகங்கள் பரப்பிய நம்பிக்கை. இங்கிலாந்தில் அரச குடும்பத்தின் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது விளிம்பைத் தொடாத குட்டையான தடி. 'பார் சினிஸ்டர்' என்று எழுதுவது இன்னும் வேடிக்கை: குறுக்கே ஓடும் பட்டைக்கு இடச்சாய்வு எங்கிருந்து வரும்?

குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் அச்சிட்ட கோப்பை தருகிற கடைகளை நம்புவது. ஆங்கில முறையில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் சொந்தம், அதே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. இங்கிலாந்தில் அதை வழங்குவது 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் நிறுவிய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் என்ற அரச அதிகாரி.

எட்டாம் படி: நீங்களே எழுதுவது

படத்திலிருந்து வாசகத்துக்குப் போவது கடினம், ஆனால் அதில்தான் ருசி. பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் 1835 என்று போட்ட கால் அணாச் செம்புக்காசு இருக்கும். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். கேடயத்தை மட்டும் பாருங்கள், தாங்கி நிற்கும் சிங்கங்களையும் கொடிகளையும் அப்புறம் பார்க்கலாம். பெரிய சிலுவை ஒன்று. அது பிரித்த நான்கு மூலைகளில் ஒன்றில் மட்டும் ஒரு குட்டிக் கேடயம். நிறம் காசில் தெரியாது: களம் வெள்ளி, சிலுவை சிவப்பு.

களத்தில் தொடங்குங்கள்: ஆர்ஜென்ட், எ கிராஸ் க்யூல்ஸ். அடுத்து குட்டிக் கேடயம். நம் இடப்பக்க மேல்மூலையில் இருக்கிறது, ஆகவே 'இன் த டெக்ஸ்டர் சீஃப் குவார்ட்டர்'. அதனுள் பிரான்சும் இங்கிலாந்தும் குவார்ட்டர்லி.

எழுதிய வரியை, காசைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அவருக்கு இந்தக் கட்டுரையின் முதல் ஏழு படிகளும் தெரிந்திருந்தால் போதும். அவர் வரைந்ததையும் காசையும் பக்கத்தில் வையுங்கள். குட்டிக் கேடயம் மூலை மாறியிருந்தால், அவரைத் திட்டுவதற்குமுன் உங்கள் வரியில் டெக்ஸ்டரா சினிஸ்டரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.